தொங்கும் மணிக்கட்டுக்கு நான்கு சிகிச்சைகள்: எது எப்போது கைகொடுக்கும்?

மேல்கை எலும்பின் நடுத்தண்டு முறிந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு, மணிக்கட்டையும் விரல்களையும் நிமிர்த்தும் ரேடியல் நரம்பும் அடிபடுகிறது. அந்த நரம்பு எலும்பின் பின்புறம் சுற்றிக்கொண்டு, எலும்போடு ஒட்டியபடி இறங்குவதுதான் காரணம். எலும்பு சேர்ந்துவிடும், எக்ஸ்ரேயும் நன்றாக இருக்கும். ஆனால் கையை முன்னால் நீட்டினால் மணிக்கட்டு தொங்கும். விரல்களை அடிக்கணுவிலிருந்து (விரல் உள்ளங்கையோடு சேரும் மூட்டு) நிமிர்த்த முடியாது. கட்டைவிரல் உள்ளங்கைப் பக்கமே கிடக்கும். பொருளைப் பிடிக்கும் தசைகளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது, இருந்தாலும் பிடியில் பலம் இருக்காது. மணிக்கட்டு நிமிர்ந்து நின்றால்தான் விரல் மடக்கும் தசைகளுக்கு இழுவை கிடைக்கும்.

எலும்பு முறிவு மட்டும்தான் காரணம் என்றில்லை. மேல்கையின் வெளிப்பக்கம் இடம் தப்பிப் போட்ட ஊசி, போதையில் கையை நாற்காலி முதுகில் தொங்கவிட்டுத் தூங்கியது, அக்குளில் அழுத்தும் ஊன்றுகோல், கண்ணாடி வெட்டு, அரிவாள் வெட்டு என்று பட்டியல் நீளும். காரணம் எதுவானாலும் சிகிச்சை என்று முன்வைக்கப்படுவது நான்கு: ஸ்பிளிண்ட் (மூட்டைத் தாங்கும் பட்டை) போட்டுக் காத்திருப்பது, அறுந்த நரம்பைச் சேர்ப்பது, பக்கத்து நரம்பின் கிளையைத் திருப்பி இணைப்பது, நல்ல தசையின் நாணை (தசையை எலும்போடு இணைக்கும் நாரை) இடம் மாற்றுவது. இவை நான்கையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பதே இந்த மதிப்பீடு.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நான்கில், பழைய முறையான தசைநாண் இடமாற்றம்தான் இன்றைக்கும் அதிகம் நம்பத்தக்கது. அது கெட்டுப்போகிற இடம் பெரும்பாலும் ஆபரேஷன் தியேட்டர் அல்ல. அதற்கு முந்தைய மாதங்களில் மூட்டை இறுக விட்டதும், பிந்தைய வாரங்களில் பயிற்சியை விட்டதும்தான் ஆளைக் கவிழ்க்கின்றன.

காத்திருப்பு

தோல் கிழியாத முறிவோடு வரும் ரேடியல் வாதத்தில் (ரேடியல் நரம்பு செயலிழப்பதில்) சுமார் 70 சதவீதம் தானாகவே சரியாகிறது. நரம்பு அறுந்திருக்காது, இழுபட்டோ நசுங்கியோ இருக்கும். அதனால் முதல் வாரத்திலேயே திறந்து பார்க்க வேண்டும் என்று அவசரப்படுத்துபவரைவிட, மூன்று மாதம் பார்ப்போம் என்பவர் சொல்வதே பெரும்பாலும் சரி.

ஆனால் காத்திருப்பதற்கும் கணக்கு உண்டு. நரம்பு வளரும் வேகம் நாளுக்கு 1 மில்லிமீட்டர், மாதத்துக்கு ஓர் அங்குலம் என்று வைத்துக்கொள்ளலாம். எலும்பின் நடுவில் அடிபட்ட இடத்திலிருந்து முதல் தசைக்கு சுமார் 10 சென்டிமீட்டர் தூரம். ஆகவே மூன்று நான்கு மாதத்தில் முதல் அசைவு தெரிய வேண்டும். அதை மணிக்கட்டில் தேடக் கூடாது. கட்டைவிரல் மேலே பார்க்கும்படி கையை வைத்து, முழங்கையை மடக்கும்போது எதிர்ப்புக் கொடுத்தால், முன்கையின் வெளி ஓரத்தில் பிரேக்கியோரேடியாலிஸ் தசை விரலுக்குத் தட்டுப்படும். அதுதான் முதல் செய்தி. அடுத்து மணிக்கட்டு கட்டைவிரல் பக்கமாகச் சாய்ந்தபடி எழும். அதன் பிறகு விரல்கள், கடைசியில் கட்டைவிரல். இந்த வரிசை மாறாமல் முன்னேறினால் கத்தி தேவையில்லை.

நரம்பு முன்னேறுகிறதா என்பதற்கு இன்னொரு சோதனை, நரம்பின் பாதையில் விரலால் தட்டிப் பார்ப்பது. சுரீர் என்று மின்னல் அடிக்கும் இடம் மாதாமாதம் கீழே இறங்கி வர வேண்டும். ஒரே இடத்தில் நின்றுவிட்டால் அங்கே ஏதோ தடை இருக்கிறது என்று பொருள்.

தசையின் மின்துடிப்பைப் பார்க்கும் ஈஎம்ஜி பரிசோதனையை அடிபட்ட மறுநாளே எடுப்பது வீண் செலவு. மூன்று வாரம் முடிவதற்குள் எடுத்தால், அறுந்த நரம்புக்கும் அதிர்ச்சியில் நின்றுபோன நரம்புக்கும் வித்தியாசம் சரியாகத் தெரியாது. மூன்று, நான்கு வாரத்தில் ஒன்றும், மூன்றாவது மாதத்தில் இன்னொன்றும் எடுத்து இரண்டையும் ஒப்பிட்டால்தான் அந்தக் காகிதத்துக்கு மதிப்பு. துல்லியமான அல்ட்ராசவுண்ட் கிடைக்கும் ஊரில் அதைக் கேட்டு எடுப்பது நல்லது. நரம்பு தொடர்ச்சியாக இருக்கிறதா, அறுந்து இரண்டு முனையாகக் கிடக்கிறதா, எலும்பைச் சேர்க்க வைத்த உலோகப் பிளேட்டுக்கு அடியில் சிக்கியிருக்கிறதா என்பதைப் பழகிய கை நேராகவே பார்த்துச் சொல்லிவிடும்.

காத்திருக்கவே கூடாத ஆட்களும் உண்டு. கத்தி, கண்ணாடி, அரிவாள் வெட்டில் மணிக்கட்டு தொங்கிப்போனவர்கள், எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தவர்கள், ரத்தக்குழாயும் சேர்ந்து அறுந்தவர்கள். இவர்களுக்கு நரம்பைத் திறந்து பார்ப்பதுதான் முதல் வேலை. "நரம்பு தானாக வரும், மாத்திரை சாப்பிடுங்கள்" என்று இவர்களை அனுப்பிவைப்பது, திரும்பக் கிடைக்காத மாதங்களைக் கரைப்பதாகும். மாத்திரை என்றதும் ஒன்று: பி12 குறைபாடு இல்லாதவருக்கு மெத்தில்கோபாலமின் அறுந்த நரம்பை ஒட்டித் தராது. கரண்ட் வைக்கும் சிகிச்சைக்காக மட்டும் தினமும் பஸ் ஏறி வந்து, வீட்டில் விரலை ஒருமுறைகூட நீட்டி மடக்காதவருக்கும் அதே கதைதான்.

ஸ்பிளிண்ட்: சில நூறு ரூபாய்ப் பொருள், ஆனால் இதில்தான் பாதி வெற்றி

மருந்துக்கடையில் கிடைக்கும், மணிக்கட்டை நிமிர்த்தி வைக்கும் காக்-அப் ஸ்பிளிண்டில் உள்ளங்கைப் பக்கம் ஒரு அலுமினியப் பட்டை இருக்கும். பெட்டியிலிருந்து எடுத்ததும் அப்படியே மாட்டிக்கொள்ளக் கூடாது. பட்டையை உருவி, மணிக்கட்டு 20 முதல் 30 டிகிரி பின்னால் நிமிரும்படி வளைத்து, திரும்பச் செருக வேண்டும். அடுத்து நீளம். ஸ்பிளிண்டின் முன் ஓரம் உள்ளங்கைக் குறுக்கு ரேகைக்கு முன்பே முடிய வேண்டும். அதைத் தாண்டி நீண்டால் விரல்களின் அடிக்கணு மடங்காது. ஒரு மாதத்தில் அந்தக் கணுக்கள் இறுகிவிடும். கடைகளில் அளவைத் தோராயமாகப் பார்த்துக் கொடுப்பதால் இந்தப் பிழை அடிக்கடி நடக்கிறது.

இந்த ஸ்பிளிண்டுக்கு ஒரு குறை உண்டு. மணிக்கட்டைத் தாங்கும், ஆனால் விரலைத் திறந்துவிடாது. டம்ளரை வாங்கக் கையைக் கொண்டுபோனால் விரல்கள் மடங்கியபடியே போய் இடிக்கும். அதனால் பகலுக்கு வேறு வகை தேவை. முன்கையின் மேல்பக்கம் பிளாஸ்டிக் தளம், அதிலிருந்து எழும் கம்பி, ஒவ்வொரு விரலின் அடிப்பகுதியையும் தாங்கும் வார் என்று பிசியோ அல்லது கை சிகிச்சை நிபுணர் சுடுநீரில் இளக்கிச் செய்து தருவது. ரப்பர் பேண்டு வைத்த வகையும் உண்டு, நீளாத நூல் வைத்த வகையும் உண்டு. எங்கள் ஓட்டு நூல் வகைக்குத்தான். மணிக்கட்டைத் தாழ்த்தினால் விரல்கள் தானே திறக்கும், விரலை மடக்கினால் மணிக்கட்டு தானே எழும். நல்ல கை எப்படி வேலை செய்கிறதோ அதே இணைப்பு. உள்ளங்கையும் மறையாமல் இருக்கும். ரப்பர் வகையில், வார் விரலை இழுக்கும் கோணம் 90 டிகிரியாக இல்லாவிட்டால் வார் வழுக்கி விரல் நுனிக்குப் போய்விடும். சட்டைக் கையில் சிக்கும், பஸ் கம்பியில் மாட்டும் என்பதெல்லாம் இரண்டு வகைக்கும் பொது. இரவில் பழைய காக்-அப் போதும்.

ஸ்பிளிண்ட் எதுவாக இருந்தாலும், நாளுக்கு நான்கைந்து முறை கழற்றி, நல்ல கையால் மணிக்கட்டை முழுதாகப் பின்னால் வளைப்பது, விரல்களின் அடிக்கணுவை நேராக நீட்டுவது, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள சவ்வை அகல விரிப்பது என்று ஒவ்வொன்றையும் பத்துப் பத்து முறை செய்ய வேண்டும். அந்தச் சவ்வு சுருங்கிவிட்டால் எந்த ஆபரேஷனும் கட்டைவிரலை வெளியே கொண்டுவராது.

அறுந்த நரம்பைச் சேர்த்தல்

சுத்தமான வெட்டு, சில நாட்களுக்குள் ஆபரேஷன் என்றால் இதற்கு மிஞ்சியது இல்லை. மைக்ரோஸ்கோப்பின் கீழ் 8-0 அல்லது 9-0 நைலான் நூலால் நரம்பின் வெளி உறையைத் தைக்கிறார்கள். தையலில் இழுவை இருக்கவே கூடாது. இழுத்துப் பிடித்துத் தைத்த நரம்பில் வடுதான் வளரும். இடைவெளி இருந்தால் காலின் சூரல் நரம்பை எடுத்து இட்டு நிரப்ப வேண்டும். அதற்கு விலை, பாதத்தின் வெளி ஓரம் மரத்துப்போவது. அதைப் பெரிய இழப்பாக யாரும் சொல்வதில்லை.

கையின் மற்ற பெரிய நரம்புகளைவிட ரேடியல் நரம்பு தையலுக்கு நன்றாகவே பலன் தரும். பெரும்பாலும் தசைக்கான இழைகள், போகவேண்டிய தூரமும் குறைவு. ஆனால் ஆறு மாதம் கடந்துவிட்டால் பலன் சரிகிறது. 12 முதல் 18 மாதத்துக்குள் நரம்பு வந்து சேராத தசை, பிறகு வந்தாலும் எழுந்து வேலை செய்யாது. நீளமான இடைவெளி, அதிக வயது, வடு நிறைந்த படுக்கை ஆகிய மூன்றும் சேர்ந்தால் இந்த வழியில் நம்பிக்கை வைக்க வேண்டாம். ஒரு வருடம் கழித்து வந்தவருக்கு நரம்பை ஒட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், எந்தத் தசைக்கு, எத்தனை மாதத்தில் என்று திருப்பிக் கேளுங்கள்.

நரம்பு இடமாற்றம்

இது புதியது, பேச்சும் அதிகம். முன்கையின் நடுவே ஓடும் மீடியன் நரம்பிலிருந்து விரல் மடக்கும் தசைக்குப் போகும் உபரிக் கிளை ஒன்றை மணிக்கட்டு நிமிர்த்தும் தசைக்கும், மணிக்கட்டு மடக்கும் எஃப்.சி.ஆர். தசையின் கிளையை விரல் நீட்டும் நரம்புக்கும் திருப்பி இணைக்கிறார்கள். இணைப்பு முழங்கைக்குச் சற்றுக் கீழே, தசைக்குப் பக்கத்திலேயே நடப்பதால் வளர வேண்டிய தூரம் குறைவு.

பலித்தால் கிடைப்பது அருமை. விரல்களைத் தனித்தனியாக நீட்டலாம், மணிக்கட்டு எந்த நிலையில் இருந்தாலும் விரல் திறக்கும். மிருதங்கம் வாசிப்பவர், கீபோர்டில் வேலை பார்ப்பவர், தையல் தொழிலாளி ஆகியோருக்கு இதைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். சிக்கல் காலம்தான். அடிபட்டு ஆறேழு மாதத்துக்குள் செய்தால் நல்லது, ஒன்பது பத்து மாதத்தைத் தாண்டினால் வேண்டாம் என்பார்கள். செய்த பிறகும் கை எழ ஒரு வருடம்வரை பொறுமை வேண்டும். அதுவரை குடும்பம் யார் வருமானத்தில் ஓடும் என்பது மருத்துவக் கேள்வி இல்லைதான், ஆனாலும் முடிவை அதுவே தீர்மானிக்கிறது. இன்னொன்று, எஃப்.சி.ஆர். கிளையைக் கொடுத்துவிட்டால் பின்னாளில் அந்தத் தசையின் நாணைக் கடன் வாங்க முடியாது. மாற்று வழியாக, மணிக்கட்டை மடக்கும் இன்னொரு தசையான எஃப்.சி.யூ. இருக்கிறது என்பதால் கதவு முழுதாக அடைபடுவதில்லை. மணிக்கட்டுக்கு மட்டும் நாண் மாற்றம், விரல்களுக்கு நரம்பு மாற்றம் என்று கலந்து செய்பவர்களும் உண்டு. மணிக்கட்டு ஒரே மாதத்தில் நிற்பதால் இந்தக் கலவை நியாயமாகவே படுகிறது.

தசைநாண் இடமாற்றம்

முதல் உலகப் போரில் மணிக்கட்டு தொங்கிப்போன சிப்பாய்களுக்கு ராபர்ட் ஜோன்ஸ் செய்த முறைகள்தான் இதன் அடிப்படை. நம் பக்கத்துக்கும் இதில் பங்கு உண்டு. 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயில் மடங்கிப்போன விரல்களுக்கு நாண் மாற்றம் செய்து உலகத்துக்கே வழிகாட்டினார். தொழுநோயில் அதிகம் அடிபடுவது சுண்டுவிரல் பக்கம் ஓடும் அல்னார் நரம்பு, ரேடியல் அபூர்வம். ஆனால் ரேடியல் வாதத்துக்கு இன்று பரவலாகச் செய்யப்படும் எஃப்.சி.ஆர். முறையும் அவர் பெயரால்தான் வழங்குகிறது.

வேலை செய்யும் தசைகளில், போனால் பெரிய நஷ்டமில்லாத மூன்றை எடுத்து, நின்றுபோன மூன்று வேலைகளுக்குக் கொடுப்பதுதான் திட்டம். மணிக்கட்டை நிமிர்த்த, உள்ளங்கையைக் கவிழ்க்கும் புரோனேட்டர் டெரிஸ். விரல்களை நீட்ட எஃப்.சி.ஆர். கட்டைவிரலுக்குப் பால்மாரிஸ் லாங்கஸ்.

கத்தி வைப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை சில. கடன் கொடுக்கும் தசையின் பலம் ஐந்துக்கு ஐந்தாக இருக்க வேண்டும், ஏனென்றால் இடம் மாறியதும் ஒரு படி குறையும். நாலேமுக்கால் என்று மனம் தேற்றிக்கொள்வது உதவாது. மூட்டுகளை நல்ல கையால் முழுதாக அசைக்க முடிய வேண்டும். இறுகிய மூட்டை மாற்று நாண் இளக்காது. நாண் ஓடப்போகும் பாதையில் தோல் மிருதுவாக, வடு அடங்கியிருக்க வேண்டும். கட்டைவிரலும் சுண்டுவிரலும் தொடும்படி வைத்து மணிக்கட்டைச் சற்று மடக்கினால் நடுவே துருத்தும் நாண்தான் பால்மாரிஸ். இது சிலருக்குப் பிறவியிலேயே இருக்காது. இல்லாவிட்டால் மோதிர விரலின் மேலோட்ட மடக்கு நாணை எடுக்கலாம். இதை ஓபியிலேயே பார்த்துக் குறித்துக்கொள்ளாமல் தியேட்டரில் கண்டுபிடிப்பது கவனக்குறைவு.

பரிசோதனையில் ஏமாறும் இடம் ஒன்றும் உண்டு. விரலை நீட்டச் சொன்னால் நடுக்கணுவும் நுனிக்கணுவும் நீளும். அதைப் பார்த்து விரல் வருகிறது என்று குறித்துவிடுவார்கள். அந்தக் கணுக்களை நீட்டுவது பெரும்பாலும் அல்னார் நரம்பின் சிறு தசைகள். ரேடியல் நரம்பைப் பார்க்க வேண்டுமானால் மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்து, அடிக்கணு நிமிர்கிறதா என்று மட்டும் கவனிக்க வேண்டும். கட்டைவிரலுக்கு, உள்ளங்கையை மேசையில் பதித்துவைத்து, கட்டைவிரலை மட்டும் மேசையிலிருந்து மேலே தூக்கச் சொல்ல வேண்டும். நுனி நீண்டால் போதாது, விரல் மேசையை விட்டு எழ வேண்டும்.

ஆபரேஷனில் நடப்பது இதுதான். புரோனேட்டர் டெரிஸின் நாண் குட்டையானது. அதனால் ஆர எலும்பின் மேல் சவ்விலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் பட்டையையும் சேர்த்து உரித்து எடுக்க வேண்டும். பட்டை கிழிந்துபோனால் தைக்க ஆதாரம் இல்லாமல் தடுமாற வேண்டியதுதான். அதை, மணிக்கட்டை நிமிர்த்தும் தசையான ஈ.சி.ஆர்.பி.யின் நாணில் கோக்கிறார்கள். பக்கத்திலிருக்கும் இன்னொரு நிமிர்த்தும் தசையான ஈ.சி.ஆர்.எல்.லில் கோத்தால் மணிக்கட்டு கட்டைவிரல் பக்கம் சாய்ந்தே எழும். ஈ.சி.ஆர்.பி. நடுவிரல் எலும்பின் அடியில் முடிவதால் நேராகத் தூக்கும். நரம்பு இன்னும் வர வாய்ப்பிருந்தால் நாணை வெட்டாமல் பக்கவாட்டில் கோப்பார்கள். நரம்பு வந்தால் பழைய தசையும் சேர்ந்து இழுக்கும். வரும்வரை உடலுக்குள்ளேயே ஒரு ஸ்பிளிண்ட் இருப்பதுபோல் வேலை செய்யும்.

எஃப்.சி.ஆர். நாணை மணிக்கட்டு ரேகைக்குப் பக்கத்தில் வெட்டி, முன்கையின் கட்டைவிரல் ஓரத்தைச் சுற்றித் தோலுக்கடியில் மேல்பக்கம் கொண்டுவந்து, நான்கு விரல் நாண்களிலும் ஒரே சீராகக் கோக்க வேண்டும். சுண்டுவிரலின் நாண் பலருக்கு மெலிந்திருக்கும். அங்கே சுண்டுவிரலுக்கென்றே உள்ள கூடுதல் நாணையும் சேர்த்துக்கொள்ளாவிட்டால் மூன்று விரல் எழும், சுண்டுவிரல் மட்டும் பின்தங்கும். கட்டைவிரலை நீட்டும் ஈ.பி.எல். நாணை அதன் பழைய குழியிலிருந்து வெளியே எடுத்து, ஓரத்தின் வழியே நேராக்கிப் பால்மாரிஸோடு கோக்கிறார்கள். இப்படிப் பாதையை மாற்றுவதால்தான் கட்டைவிரல் நீளுவதோடு அகலவும் செய்கிறது.

எல்லாக் கோவையும் பல்வர்டாஃப்ட் பின்னல். ஒரு நாணை இன்னொன்றின் ஊடாக மூன்று முறையாவது குறுக்கும் நெடுக்குமாக நுழைத்து, ஒவ்வொரு நுழைவையும் கரையாத 3-0 அல்லது 4-0 நூலால் தைப்பது. இதில் சர்ஜனின் அனுபவம் தெரிவது தையலில் இல்லை, இழுவையை நிர்ணயிப்பதில்தான். தளர்ந்தால் தொய்ந்த கொடிக்கயிறு மாதிரி, தசை எவ்வளவு சுருங்கினாலும் விரல் எழாது. அதிகம் இறுகினால் கை மூடாது. கோத்து முடித்ததும் மணிக்கட்டைக் கீழே தாழ்த்திப் பார்க்க வேண்டும், விரல்கள் தாமாக நீள வேண்டும். மணிக்கட்டை மேலே தூக்கினால், நோயாளியின் விரல்களைச் சர்ஜன் தன் கையால் உள்ளங்கைக்குள் மடக்கி மூட முடிய வேண்டும். இரண்டும் நடந்தால்தான் தோலை மூடலாம். சந்தேகமிருந்தால் சற்று இறுக்கமான பக்கம் நிறுத்துவதே வழக்கம். நாட்கள் போகப்போக நாண் கொஞ்சம் இளகும்.

முழு மயக்கம் இல்லாமல், லிக்னோகைனும் அட்ரினலினும் கலந்து ஊசி போட்டு, நோயாளியை விழித்திருக்கவைத்தே செய்யும் வாலண்ட் முறையும் வந்திருக்கிறது. தியேட்டரிலேயே "விரலை நீட்டுங்க" என்று சொல்லி இழுவையைச் சரிபார்த்துவிடலாம். பயந்த சுபாவம் இல்லாதவருக்கு இது நல்ல தேர்வு.

எஃப்.சி.ஆர்.ஆ, எஃப்.சி.யூ.வா என்பது சர்ஜனிடம் நேராகவே கேட்கத்தக்க கேள்வி. எஃப்.சி.யூ. பலமான தசை, எடுப்பதும் சுலபம், அதனால் பழைய முறைகளில் அதுவே வழக்கம். ஆனால் சுத்தியல் அடிக்கவும், அரிவாள் வீசவும், மண்வெட்டி போடவும் மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் இறக்கி அடிக்கும் அந்த அசைவு எஃப்.சி.யூ. போட்ட பிச்சை. கொத்தனார், தச்சர், விவசாயக் கூலி ஆகியோரின் கையிலிருந்து அதை எடுக்கக் கூடாது என்பதே எங்கள் கருத்து. முன்கையில் நரம்பின் ஆழ்ந்த கிளை மட்டும் அடிபட்டவர்களுக்கும் அதைத் தொடக் கூடாது. அவர்களுக்கு ஈ.சி.ஆர்.எல். உயிரோடு இருப்பதால் மணிக்கட்டு ஏற்கெனவே கட்டைவிரல் பக்கம் சாய்கிறது. எதிர்ப்பக்கம் பிடித்து நிறுத்தும் எஃப்.சி.யூ.வையும் எடுத்துவிட்டால் சாய்வு நிரந்தரமாகும்.

மூன்றாவது வழி, நடுவிரல், மோதிர விரலின் மேலோட்ட மடக்கு நாண்களை இரு எலும்புகளுக்கு இடையிலுள்ள சவ்வின் ஊடாகப் பின்னால் கொண்டுபோவது. அதன் லாபம் ஓட்ட நீளத்தில் இருக்கிறது. மணிக்கட்டுத் தசை ஓடும் நீளம் சுமார் 33 மில்லிமீட்டர், விரல் நீட்டும் தசைக்குத் தேவை 50, விரல் மடக்கும் தசைக்கு இருப்பது 70. 33ஐ வைத்து 50 செய்ய முடியாததால்தான், எஃப்.சி.ஆர். போட்டவர் மணிக்கட்டைச் சற்றுத் தாழ்த்தினால் மட்டும் விரலை முழுதாகத் திறக்கிறார். 70 மில்லிமீட்டர் நாண் போட்டவருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. நஷ்டம், பிடி குறைவதும் மூளைக்குப் புது வேலை பழக்குவது கடினமாவதும். மணிக்கட்டை மடக்கும்போது விரல் திறப்பது இயற்கையான ஜோடி. விரலை மடக்க நினைத்துக்கொண்டே விரலை நீட்டுவது அப்படியல்ல.

தையலுக்குப் பிறகு

கட்டு முழங்கைக்கு மேலே வரை வரும். முன்கை சற்றுக் கவிழ்ந்து, மணிக்கட்டு 30 முதல் 45 டிகிரி நிமிர்ந்து, அடிக்கணு 10, 15 டிகிரி மட்டும் மடங்கி, கட்டைவிரல் நன்றாக விரிந்து நீண்டு இருக்க வேண்டும். விரல்களின் நடு, நுனிக் கணுக்கள் கட்டுக்கு வெளியே. அவற்றை முதல் நாளிலிருந்தே அசைக்கலாம், அசைக்க வேண்டும். 10 முதல் 14 நாளில் தையல் பிரிப்பு. கட்டு மொத்தம் நான்கு வாரம். அதன் பிறகு கழற்றி மாட்டும் ஸ்பிளிண்ட், பயிற்சி நேரம் போக மற்ற நேரம் முழுதும் இன்னும் இரண்டு வாரம்.

பயிற்சியில் பழைய வேலையைச் சொல்லித்தான் புது வேலையை வாங்க வேண்டும். "உள்ளங்கையைக் கவிழ்க்கிற மாதிரி முயன்றுகொண்டே மணிக்கட்டைத் தூக்குங்க" என்றால் புரோனேட்டர் பிடிபடும். "மணிக்கட்டை மடக்கப் பாருங்க" என்றால் விரல் திறக்கும். முதல் வாரத்தில் முழங்கையை மேசையில் ஊன்றி, ஐந்து ஐந்து முறையாக, நாளெல்லாம் சிறுகச் சிறுகச் செய்வதே நல்லது. ஒரே மூச்சில் ஐம்பது முறை செய்தால் தசை களைத்துத் தப்பான தசை நுழைந்துவிடும். வடு ஆறியதும் தேங்காய் எண்ணெய் தொட்டு, வடுவைக் குறுக்காக அழுத்தித் தேய்க்க வேண்டும். எட்டு வாரம் முடியும்வரை மணிக்கட்டையும் விரல்களையும் ஒரே சமயத்தில் முழுதாக மடக்கவே கூடாது. பின்னல் இளகுவது பெரும்பாலும் இப்படித்தான். ஈரத் துணியைப் பிழிவது, பைக் கிளட்ச், தண்ணீர்க் குடம் ஆகிய மூன்றையும் 12 வாரத்துக்கு முன் கேட்கவே வேண்டாம்.

கெட்டுப்போகும் வழிகளில் முதலிடம் ஒட்டுதலுக்கு. தசை சுருங்குவது தொட்டால் தெரியும், விரல் மட்டும் நகராது. பயிற்சியில் மசியாவிட்டால் ஆறு மாதம் பொறுத்து ஒட்டை விடுவிக்கும் சின்ன ஆபரேஷன் தேவைப்படும். பின்னல் அறுந்தால் அது ஒரே நாளில் தெரியும். நேற்று எழுந்த விரல் இன்று எழாது, உடனே போக வேண்டும். வலி அளவுக்கு மீறி, கை வீங்கிப் பளபளத்து வியர்த்தால் அது வேறு நோய், பயிற்சியை நிறுத்தாமல் அதற்கும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கிடைப்பது: மணிக்கட்டு நேராக நின்று, 30, 40 டிகிரிவரை எழும். டம்ளரைச் சுற்றி விரல் திறக்கும். பேனா, சீப்பு, சட்டைப் பொத்தான் எல்லாம் கைவசமாகும். கிடைக்காதது: ஒரு விரலை மட்டும் தனியாக நீட்டுவது, மணிக்கட்டை முழுதாகக் கீழே மடக்குவது, பழைய பிடியின் முழுப் பலம். ஆள்காட்டி விரலும் சுண்டுவிரலும் சேர்ந்தே எழும். இதை முன்கூட்டியே சொல்லாத இடத்தில்தான் "ஆபரேஷன் சரியில்லை" என்ற பேச்சு வருகிறது. புறங்கையில் கட்டைவிரல் பக்கம் இருக்கும் மரப்பை இது மாற்றாது. அந்த மரப்பு வேலைக்குத் தடையும் அல்ல.

எங்கே, என்ன கேட்பது

பொது எலும்பு மருத்துவர் செய்யக்கூடாத ஆபரேஷன் இல்லை இது. ஆனால் கை அறுவையே தினசரி வேலையாக இருக்கும் பிரிவு வித்தியாசத்தைக் காட்டும். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை மறுவாழ்வுக்கென்றே தனி நிறுவனம் உண்டு. வேலூர் சி.எம்.சி., கோவை கங்கா மருத்துவமனை ஆகியவையும் இந்தத் துறையில் பெயர் பெற்றவை. எந்த இடமானாலும் முதலில் கேட்க வேண்டியது, கை சிகிச்சை நிபுணர் அங்கேயே இருக்கிறாரா, நான்காவது வாரத்திலிருந்து வாரம் எத்தனை முறை பார்ப்பார் என்பதே. ஆபரேஷன் இங்கே, பிசியோ உங்கள் ஊரில் எங்காவது என்ற ஏற்பாட்டுக்கு எங்களிடம் நல்ல மதிப்பெண் இல்லை. ஊர் தூரமென்றால் கட்டுப் பிரிக்கும் நாளிலிருந்து இரண்டு வாரமாவது மருத்துவமனை பக்கம் தங்குவதற்கான செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல்வர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், ஆபரேஷனுக்கான அனுமதியோடு ஸ்பிளிண்டும் பயிற்சியும் யார் செலவு என்பதையும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் "டெண்டன் டிரான்ஸ்ஃபர் செய்யப்பட்டது" என்று ஒரே வரி இருந்தால் வாங்காதீர்கள். எந்த நாண் எதில் கோக்கப்பட்டது, வெட்டிக் கோத்ததா பக்கவாட்டில் கோத்ததா, கட்டு எந்தக் கோணத்தில், எந்தத் தேதியில் எந்த அசைவு தொடங்கலாம் என்று எழுதியிருக்க வேண்டும். இது தெரியாமல் வேறு ஊர் பிசியோ பயிற்சி தொடங்கினால் தவறான தசையை எழுப்பிக்கொண்டிருப்பார். மேல்கையில் பிளேட் வைத்தவர்கள் அந்தப் பழைய ஆபரேஷன் குறிப்பையும் கேட்டு வாங்கி வைத்திருக்க வேண்டும். நரம்பு பிளேட்டின் எத்தனையாவது துளையின் மேல் கடக்கிறது என்று நல்ல சர்ஜன் அதில் எழுதியிருப்பார். பிற்காலத்தில் யாராவது அந்தப் பிளேட்டை எடுக்க நேர்ந்தால், மீண்டு வந்த நரம்பைத் திரும்ப வெட்டாமல் இருக்க அந்த ஒரு வரி வேண்டும்.